‘தானா வளந்துச்சுக’: பெரிய குடும்பமும் காணாமல்போன மூத்தவளும்

1

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து பெரிசுகள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். பேச்சு பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வந்தது. 2024 அக்டோபரில் சென்னையில் இந்து சமய அறநிலையத்துறை நடத்திய திருமண விழாவில், நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையைச் சுட்டி, முதலமைச்சராக மு.க. ஸ்டாலின் ‘பதினாறும் பெற்று’ என்ற பழைய வாழ்த்தை நினைவூட்டிப் பேசியதும், அதே வாரத்தில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் வேண்டும் என்று சொன்னதும் ஊர்ப்பேச்சில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ‘‘இப்ப ஒண்ணைப் பெத்துட்டு ஒம்பது பாடு படுறாக. எங்க ஆத்தாவுக்குப் பத்து. யாரு வளத்தா? தானா வளந்துச்சுக’’ என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் மூத்த அக்கா சிரிக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ ஒன்று அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை அவள் மடிக்கு வந்துவிடும். ‘‘தானா வளர்றதுக்கு அதென்ன வேலிக்கருவையா?’’ என்றாள், யாரையும் பார்க்காமல். யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. பேச்சு தங்கம் விலைக்குப் போய்விட்டது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் முதலில் இலக்கணம்தான் ஞாபகம் வரும். ‘வளர்ந்தது’ தன்வினை. ‘வளர்த்தது’ பிறவினை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு. பிறவினையில் ஒரு ஆள் தேவைப்படுகிறார்: யார் வளர்த்தது? தன்வினையில் அந்த ஆள் தேவையில்லை. மண்டபத்துப் பெரியவர் ‘‘யாரு வளத்தா?’’ என்று பிறவினையில் கேள்வி கேட்டு ‘‘தானா வளந்துச்சுக’’ என்று தன்வினையில் பதில் சொன்னார். அந்த நகர்வில் ஒரு ஆள் காணாமல்போகிறார். பெரிய குடும்பத்தைப் பற்றி நம்மிடம் புழங்கும் எல்லாக் கதையாடல்களிலும், அரசின் கதையாடல், பொருளியலின் கதையாடல், நம் கரிசல் எழுத்தின் கதையாடல் உட்பட, இதே ஆள்தான் இதே முறையில் காணாமல்போகிறார் என்பது என் வாசிப்பு. அந்த ஆள் பெரும்பாலும் அம்மா அல்ல, மூத்த மகள்.

2

முதலில் அரசின் பிரதி. சுதந்திர இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1951-ல் நடந்தது. அதற்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஆர்.ஏ. கோபாலஸ்வாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அவருடைய அறிக்கை ஒரு புதிய கலைச்சொல்லை உருவாக்கியது. ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அவற்றில் ஒன்றாவது உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அடுத்து நிகழும் ஒவ்வொரு பிரசவமும் இந்தக் கணக்கில் வரும். இவர் பின்னர் சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கும் முறையை இந்தியாவில் முதலில் தொடங்கியதும் சென்னை ராஜ்யம்தான். அது 1950களின் பிற்பகுதி.

எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் ஒன்பது பேர், தங்கியவர்கள் ஏழு. கோபாலஸ்வாமியின் வரையறைப்படி என் அம்மா ஆறு முறை முன்யோசனையற்றவள். அந்த ஆறாவது முன்யோசனையின்மை நான்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சொல் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இந்தச் சொல் தாயின் வயிற்றைப் பார்க்கிறது. பிரசவத்தோடு அதன் பார்வை முடிந்துவிடுகிறது. மக்களை ‘மக்கள்தொகை’யாகப் பார்க்கும் அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ 1976-ல் எழுதியது நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. பிறப்பும் இறப்பும் விகிதங்களாக மாறும் இடத்தில், பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் ஒரு பிள்ளையைத் தூக்கி, கழுவி, ஊட்டி, அதட்டி ஆளாக்கும் வேலைக்கு விகிதம் கிடையாது. ஆகவே அது இல்லை.

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிச் சுவரில் சிவப்பு முக்கோணம் இருந்தது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற எழுத்துக்கு மேல் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நான்கு முகங்களும் சிரிக்கும். நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் சுண்ணாம்பு உதிர்ந்து அப்பா முகம் போய்விட்டது. இன்று அந்தப் படத்தை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் படத்துச் சிறுமியின் இடுப்பு காலியாக இருந்தது. எங்கள் ஊரில் எட்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளில் காலி இடுப்போடு நான் பார்த்தவர்கள் குறைவு.

இந்த அரசுச் சொல்லாடலுக்கு முன்பே வேறொரு குரல் தமிழில் ஒலித்திருக்கிறது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அது ஒரு அத்தியாயம். பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பச் சொத்து சிதறாமலிருப்பதற்காக என்று மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, பெண் விடுதலை பெறுவதற்காக அது வேண்டும் என்று தம் காரணத்தை அவர் பிரித்துக் காட்டினார். எண்ணிக்கையிலிருந்து பேச்சை விடுதலைக்கு நகர்த்தியது பெரிய காரியம். ஆனால் அங்கும் விடுதலை பெறவேண்டியவள் பெறுகிறவள்தான். பெறாமலே வளர்க்கிறவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

‘குறைத்துப் பெறு’ என்ற அரசு எழுபது ஆண்டுகளில் ‘கூட்டிப் பெறு’ என்று கேட்கத் தொடங்கியிருப்பதைப் பெரிய முரண்பாடாகப் பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டலும் கழித்தலும் ஒரே கணக்கின் இரண்டு செய்கைகள். இரண்டிலும் பிள்ளை தானாக வளர்கிறது.

3

இனிப் பொருளியலின் கதை. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை மானாவாரி பூமி. வானம் பார்த்து விதைத்து, புரட்டாசி ஐப்பசி மழையில் முளைத்து, தை மாசியில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மல்லியும் வீடு வந்து, பங்குனி சித்திரையில் பருத்தி வெடித்தால் உண்டு. வேலை வந்தால் ஒரே சமயத்தில் வரும். களை பொறுக்காது, வெடித்த பருத்தி காத்திருக்காது. மற்ற மாதங்களில் ஆடு, வேலிக்கருவை வெட்டு, கரிமூட்டம். நகரத்தில் நெசவு. அங்கே தறியில் உட்கார்பவர் ஒருவர் என்றால், அவருக்குத் தார் சுற்றிக் கொடுக்க, பாவு போடும்போது கூடமாட நிற்கப் பிள்ளைகள் வேண்டும். நிலமும் இல்லாமல் தறியும் இல்லாமல் கூலிக்குப் போன சாதியாரின் வீட்டிலோ பிள்ளையின் கைக்கூலிதான் சாயங்காலத்து உலை.

இதை அறிந்தவர்களுக்கு மஹ்மூத் மம்தானி 1972-ல் எழுதிய நூல் உடனே பிடிபடும். பஞ்சாபின் ஒரு கிராமத்தை வைத்து அவர் சொன்னது: பெரிய குடும்பத்தால் மக்கள் ஏழைகளாகவில்லை, ஏழைகளாக இருப்பதால் பெரிய குடும்பம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. கோபாலஸ்வாமியின் ‘முன்யோசனையற்ற’ என்ற அடைமொழியை இது தலைகீழாக்கிவிடுகிறது. முன்யோசனை இருந்ததால்தான் பெற்றார்கள். 1981-ல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரத்தில் 110 குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. ரெண்டு தங்கணும் என்றால் நாலு பெறணும் என்பது அன்றைக்கு மூடத்தனம் அல்ல.

அடுத்து ஜான் கால்டுவெல். ஒப்பிலக்கணம் எழுதியவர் அல்ல, ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர். 1976-லிருந்து அவர் வளர்த்தெடுத்த கோட்பாட்டின் சாரம் இது: பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் ‘மேல்நோக்கி’ப் பாயும் சமூகத்தில் பிள்ளை நிறையப் பிறக்கும், பள்ளிக்கூடம் வந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் ‘கீழ்நோக்கி’ப் பாயத் தொடங்கியதும் பிறப்பு குறையும்.

அழகான கோட்பாடுதான். ஆனால் எங்கள் வீட்டை இதில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. மம்தானிக்கும் கால்டுவெல்லுக்கும் ‘பிள்ளைகள்’ என்பது ஒற்றைத் தொகுதி. அந்தத் தொகுதிக்குள் மூத்தது, இளையது, ஆண், பெண் என்ற பிளவுகள் கணக்கில் முன்னுக்கு வருவதில்லை. எங்கள் வீட்டில் பாய்ந்தது மேல்நோக்கியும் அல்ல, கீழ்நோக்கியும் அல்ல. பக்கவாட்டில் பாய்ந்தது. மூத்தவளிடமிருந்து இளையவர்களுக்கு, குறிப்பாக இளைய ஆண்களுக்கு. அக்கா மூன்றாம் வகுப்பில் நின்றாள். சின்னக்கா நாலாம் வகுப்பில். பெரிய அண்ணன் பாலிடெக்னிக் போனான். நான் எம்.ஏ. இது எங்கள் அய்யா அம்மாவின் ஓரவஞ்சனை என்று சொல்லிவிட்டால் சுலபம். அவர்கள் தனித்து எடுத்த முடிவு அல்ல அது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே வரிசை.

பிள்ளைகளைப் பங்கு வைப்பதும் இந்தப் பொருளியலின் ஒரு பகுதி. திருச்சுழியில் விரிவான எழுத்துப் பதிவு உள்ள ஒரே சாதாரண வீடு, 1879-ல் ரமணர் பிறந்த வீடாகத்தான் இருக்கும். அங்கே நாலு பிள்ளைகள். 1892-ல் தகப்பனார் இறந்ததும் மூத்த பையன்கள் இருவர் ஒரு சித்தப்பா வீட்டுக்கும், சின்னவனும் பெண்பிள்ளையும் தாயோடு இன்னொரு சித்தப்பா வீட்டுக்கும் பிரிந்து போனார்கள். படிப்பும் சொந்தபந்தமும் உள்ள வீட்டிலேயே அந்த நிலை. எங்கள் வீட்டிலும் ஐந்தாவது அண்ணன் கமுதியில் மாமா வீட்டில் வளர்ந்தான். ‘விட்டுருக்கு’ என்பார்கள், ஆட்டுக்குட்டியை வாரத்துக்கு விடுவதுபோல. அக்காவை மட்டும் எங்கும் விடவில்லை. அச்சாணியைக் கழற்றிக் கடன் கொடுக்க முடியாது.

4

அன்றாடம் என்ன நடந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அக்கா சொன்னதையும் என் ஞாபகத்தையும் வைத்து எழுதுகிறேன்.

தண்ணீர்: ஊர்க் கிணறு உவர். குளிக்க, துவைக்க மட்டும். குடிக்க ஊருணி. அது வற்றினால் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணிநேரம் ஆகும். ஒன்பது பேர் குடிக்கும் வீட்டுக்கு எத்தனை குடம் என்று பார்த்துக்கொள்ளலாம். கோடையில் அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு ஊற்றுக்குப் போய்விடுவாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. விட்டுவிட்டுப் போனால் அது முழித்து அம்மாவை எழுப்பிவிடும். அம்மா விடியக் காட்டுக்குப் போகணும்.

சோறு: அய்யாவுக்கு முதலில், வேலைக்குப் போகும் அண்ணனுக்கு அடுத்து, பிறகு சின்னதுகள் வட்டமாக. அம்மாவும் அக்காவும் பானையைச் சுரண்டிக்கொள்வார்கள். அவித்த முட்டை ஒன்று கிடைத்தால் அக்கா அதை நூலால் நாலாக அறுப்பாள். கத்தியால் அறுத்தால் மஞ்சக்கரு உதிர்ந்து சண்டை வரும். இந்த நூல் முறையை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தாள் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்.

துணி: தீபாவளிக்கு ஒரே தானில் கிழித்து எல்லாப் பையன்களுக்கும் ஒரே சட்டை. தேரடியில் ஒருவன் தப்புச் செய்தால் யார் செய்தது என்று தெரியாது, எல்லோருக்கும் அடி விழும். நோய்: அம்மை வந்தால் வரிசையாக வரும். ஒருத்தனுக்குத் தண்ணி ஊற்றும்போது அடுத்தவனுக்கு முத்துப் போடும். வாசலில் சொருகிய வேப்பங்குழை ரெண்டு மாசத்துக்கு இறங்காது. சிரங்கும் பேனும் நோய்க்கணக்கிலேயே சேராது. படுக்கை: ஒரு போர்வைக்கு மூன்று பேர், நடுவில் படுக்கச் சண்டை.

பள்ளிக்கூடம்: 1977 தேர்தலில் அருப்புக்கோட்டையில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதன்முறை முதலமைச்சரானார். 1982 ஜூலையில் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்கள் மாதிரி வீடுகளில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை எந்த விமர்சகனும் குறைத்துச் சொல்ல முடியாது. ஒரு வேளைச் சோற்றுக் கவலை நீங்கியது. இரண்டு வயது தாண்டியதுகளைப் பால்வாடியில் விடலாம் என்றானது. ஆனால் தொடக்கத்தில் அந்தச் சோறு இரண்டிலிருந்து ஒன்பது வயது வரை. அக்காவுக்கு அப்போது பத்து. பதிவேட்டிலும் பெயர் இல்லை. தினமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தட்டுகளோடு போய், அவர்கள் தின்று முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்று, தட்டுகளைக் கழுவிக்கொண்டு வருவாள். 1984-ல் திட்டம் பதினைந்து வயது வரை நீண்டது. அதற்குள் அவள் பள்ளிக்கூடத்தை மறந்திருந்தாள்.

ராத்திரி படுக்குமுன் அக்கா தலை எண்ணுவாள். இருட்டில், கையால் தொட்டு. ஒன்று குறைந்தால் தெருவில் இறங்கிவிடுவாள். ஒருமுறை நான் வைக்கோல் படப்பில் தூங்கிப்போய், ஊரே தேடியதாம். சென்ஸஸ்காரர் வீட்டு வாசலில் நின்று எண்ணுவதற்கும் இந்த எண்ணலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். அவர் எண்ணுவது எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இவள் எண்ணுவது எது இல்லை என்று தெரிந்துகொள்ள.

5

1980களின் நடுவில் சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் எங்கள் ஊர்வரை வரத் தொடங்கின. விடிவதற்குள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இருட்டியபின் இறக்கிவிடும். அக்கா குச்சி அடுக்கப் போனாள். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை சின்னக்காவின் இடுப்புக்கு மாறியது. அதற்காகத்தான் சின்னக்கா நாலாம் வகுப்பில் நின்றாள். நான் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு வாங்கிய சிலேட்டு தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் வாங்கியது.

குழந்தை உழைப்புத் தடுப்புச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும் என்றது. தேவையான தீர்ப்பு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அக்கா உழைப்பாளியாக இருந்தது பஸ் ஏறியது முதல் இறங்கும் வரைதான். பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் செய்த வேலையும், அவளுக்குப் பதில் வீட்டில் நின்ற சின்னக்காவின் முழுநாள் வேலையும் உழைப்பு அல்ல. அது ‘கூடமாட ஒத்தாசை’. 1986 சட்டம் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் தொழிலை விட்டுவைத்தது. 2016-ல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழே எல்லாத் தொழிலையும் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. ‘உதவி’ என்ற சொல்லுக்குள் எத்தனை பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புதைந்திருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்ல.

6

சரி, இலக்கியம்? அரசும் பொருளியலும் காணாததை எழுத்து கண்டிருக்க வேண்டுமே.

கரிசல் எழுத்து நமக்கு ஒரு நிலத்தையே தந்தது. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வந்தபோது பெரிய குடும்பம் தமிழ் நாவலில் ஒரு காவியப் பாத்திரமானது. கோட்டையார் வீடும் மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டியின் நினைவும் யாராலும் மறக்கமுடியாதவை. ஆனால் அங்கே பெரிய குடும்பம் என்பது ஒரு பூர்வகதை. நிலம் உள்ள வீட்டின் நினைவு. வீட்டில் நினைவு சொல்பவள் பாட்டி. பாட்டிக்கு நேரம் இருக்கிறது. பத்து வயதுப் பெண்ணுக்குக் கதை சொல்ல நேரம் ஏது?

ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுகள்’ தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றியது. பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படமும் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைத்தான் எடுத்துக்கொண்டது. இவை முக்கியமான முயற்சிகள். ஆயினும் பார்வை தொழிற்சாலையை நோக்கித் திரும்பும்போது வீட்டுக்குள் கிடக்கும் உழைப்பு மறுபடி நிழலுக்குப் போய்விடுகிறது. 1994-ல் வந்த பாமாவின் ‘சங்கதி’யில் மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறாள். அம்மா பிரசவித்தால் வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்க்கிறாள். இரண்டு உழைப்பும் ஒரே உடம்பில் நடப்பதைத் தமிழில் இவ்வளவு நேராகக் காட்டிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அது ஒரு தலித் பெண்ணின் எழுத்திலிருந்து வந்தது தற்செயல் அல்ல. என் ஆதங்கம் மைக்கண்ணி அந்த நூலில் சில பக்கங்களோடு போய்விடுகிறாள் என்பதுதான். அவளை மையமாக வைத்த நாவல் இன்னும் எழுதப்படவில்லை.

ஏன் எழுதப்படவில்லை? நம் மொழியே மூத்ததுக்கு எதிராக இருக்கிறது என்று ஒருமுறை தோன்றியது. ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்பது பழமொழி. மோழை என்றால் கொம்பில்லாதது, மந்தமானது. மூத்தது ஏன் மோழையானது? இளையதைக் காளையாக்கியதில் ஆனது என்று பழமொழி சொல்வதில்லை. காரணத்தை விழுங்கிவிட்டு விளைவைக் குணமாகச் சொல்கிறது. ‘தானா வளந்துச்சுக’ செய்வதும் இதே வேலைதான்.

இன்னொன்று. தவ்வை என்றால் அக்கா. திருமகளின் அக்கா. அழுக்காறாமை அதிகாரத்தில் வள்ளுவர் சுட்டும் தவ்வை இவள்தான். சேட்டை என்றும் மூத்த தேவி என்றும் வழங்கி, பாண்டிய நாட்டுக் கோயில்களில் கல்லில் அமர்ந்து வழிபாடு பெற்றவள், பிற்பாடு ‘மூதேவி’ என்ற வசைச்சொல்லாகச் சுருங்கினாள். சிற்பங்களில் இருபுறமும் மகனும் மகளும். அடையாளங்களாகக் காக்கைக் கொடியும் துடைப்பமும். தங்கைக்குத் தாமரை, அக்காவுக்குத் துடைப்பம். புராணத்திலிருந்து குடும்பத்துக்கு நேர்க்கோடு போடுவது ஆபத்து என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விடியக்காலையில் முதலில் எழுந்து வாசல் கூட்டுகிறவளை வீட்டார் ‘‘எந்திரிடி மூதேவி’’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தத் தொடர்பைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

7

இதற்கு மறுப்பு வரும். அக்காவை வெறும் பலியாளாக்கிவிட்டாய் என்பார்கள். நியாயம்தான். அக்காவுக்கு வீட்டில் அதிகாரம் இருந்தது. எங்களை அடித்திருக்கிறாள், புளியம்விளாறால் நான் வாங்கிய தழும்பு இன்னும் கெண்டைக்காலில் உண்டு. அய்யா எடுத்த முடிவுகளை அவள் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறாள். ஏழு பேரை வளர்த்தவள் என்ற பெருமிதமும் அவளிடம் உண்டு. ஒடுக்கப்பட்டவள், அதிகாரம் செலுத்தியவள் என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் அவளை அடைக்க முடியாது. கோட்பாடு படித்துவிட்டு ஊருக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறும் அதுதான், பெட்டியோடு போகிறோம்.

அக்காவுக்கு இருபத்தாறு வயதில்தான் கல்யாணம். இரண்டாவது பிரசவத்தோடு அவளே ஆஸ்பத்திரியில் சொல்லி ஆபரேஷன் செய்துகொண்டாள். மாமியார் வீட்டில் சண்டை. ரெண்டும் பொண்ணு, இன்னொன்று பார்க்கலாம் என்றார்கள். ‘‘நான் ஏற்கெனவே ஏழு வளத்துட்டேன்’’ என்றாளாம்.

தமிழ்நாட்டில் கருவள வீதம் 1990களில் இரண்டுக்கு அருகில் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. இதற்குக் காரணங்களாக சத்துணவு, பெண்கல்வி, சாலை, பஸ், சுயமரியாதை இயக்கம், ஊக்கத்தொகை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பலவற்றை எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கலாம். நான் இன்னொரு வாசிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் பத்தாண்டுகளில் பிள்ளை பெறும் வயதுக்கு வந்த பெண்களில் எத்தனை பேர், கல்யாணத்துக்கு முன்பே ஒரு முழுத் தாய்மையை முடித்துவிட்டு வந்த மூத்த மகள்கள்! அவர்கள் ‘ரெண்டு போதும்’ என்றபோது சுவரில் எழுதியதைத் திருப்பிச் சொல்லவில்லை. தங்கள் இடுப்பு அறிந்த ஒன்றைச் சொன்னார்கள். அரசு தன் வெற்றி என்று எழுதிக்கொண்ட அந்தக் கணக்கில் அவர்களுடைய தீர்ப்பும் இருக்கிறது. அதை நிரூபிக்க என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது. அப்படி ஒரு கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டுவைத்ததாக நான் படித்ததும் இல்லை. இன்று பதினாறு பற்றி வேடிக்கையாகவேனும் பேசுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும். பதினாறு பெற்றால் அதில் மூத்த மூன்று நான்கு பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் வாழ்த்த வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். முட்டையை நூலால் அறுத்ததைக் கேட்டுச் சிரித்தாள். ‘‘இதெல்லாமா புஸ்தகத்துல போடுவாக?’’ என்றாள். ‘ஏழு பேரை வளர்த்தவள்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

‘‘தம்பி, ஏழுன்னு எழுதாத.’’

ஆறாவது ஒரு பெண். ரெண்டு வயசில், 1983 பங்குனியில், பேதி கண்டு இறந்தாள். அம்மா பருத்திக்குப் போயிருந்தாள். பிள்ளை இருந்தது பதினோரு வயது அக்காவின் இடுப்பில். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைத்திருக்கும் என்று பின்னாளில் ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன் பிறந்து ஒரு மாதத்தில் போன மூன்றாவதும் உண்டு. தானா வளந்துச்சுக என்ற வாக்கியத்தில், தானா வளராமல் போனதுகளுக்கும் இடமில்லை. அவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மாகூட யாரும் கேட்டால் ஏழு என்றுதான் சொல்வாள்.

‘‘எத்தனைன்னு எழுதணும்க்கா?’’ என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். தன்னை விட்டுவிட்டு, மற்ற எல்லோரையும், அந்த இரண்டையும் சேர்த்து.

‘‘எட்டு’’ என்றாள்.